ஆற்றின் அடியில் வழி கண்டவர்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது மலையைக் குடைந்த சுரங்கங்களினூடே செல்கின்றது. உறுதியான பாறையைக் குடைந்தால் அப்பாறை பெரும்பாலும் தன்னைத்தானே தாங்கி நிற்கும். ஈரமணலும் சேறும் அத்தகையன அல்ல. சிற்றாற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோர் இதனை நன்கறிவர். தோண்டத் தோண்டப் பக்கங்கள் சரிந்து குழி தூர்ந்துவிடும். அங்ஙனமாயின், கப்பல்கள் செல்லும் பேராற்றின் அடியில் வழி அமைப்பது எவ்வாறு? அவ்வரிய வினையை முதன்முதலில் முடித்துக் காட்டியவர் மார்க் இசம்பார்டு புருனெல் ஆவார்.

புருனெல் 1769-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு நார்மண்டியில் பிறந்தார். இளமையில் கடற்படையிற் பணிபுரிந்தார். புரட்சிக் காலத்தில், 1793-இல், தாய்நாட்டைத் துறந்து அமெரிக்கா சென்றார். 1799-இல் இங்கிலாந்தை அடைந்தார். கப்பல்களுக்குரிய கப்பிகளைச் செய்யும் எந்திரங்களை அமைத்துப் புகழ் பெற்றார். எனினும், கடன்பட்டு 1821-இல் சிறை புகுந்தார். அரசாங்கம் பொருளுதவி செய்து அவரை மீட்டது.

கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒருவகைப் புழு அவர் கருத்தைக் கவர்ந்தது. அது தலையிலுள்ள ஓட்டினால் மரத்தை அராவி முன்னேறும். தான் சென்ற வழியின் உட்புறத்தைச் சுண்ணப் பூச்சால் உறுதிசெய்யும். இதனை அடியொற்றிப் புருனெல் அமைத்த கருவியே ‘கேடயம்’ என்பது. 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றின் அடியில் சுரங்கம் அமைக்கும் பணி 1825-இல் தொடங்கியது. கேடயத்தில் 12 இரும்புச் சட்டங்களும் 36 அறைகளும் இருந்தன. அறைக்கு ஒருவர் நின்று, முன்னுள்ள பலகைகளுள் ஒன்றை மட்டும் நீக்கிச் சில அங்குலம் மண்ணை அகழ்வார். உடனே பலகையை மீண்டும் பொருத்துவார். பின்னர்ச் சட்டம் திருகுகளால் முன்னே தள்ளப்படும். பின்னே கொத்தர்கள் செங்கற்சுவர் எழுப்புவர். மண்ணின் முகப்பு முழுவதையும் ஒருங்கே திறந்துவிடலாகாது என்பதே இம்முறையின் உயிர்நிலை.

ஆற்றின் அடியில் உறுதியான களிமண் இடையறாது பரந்துள்ளது என முன்னாய்வு கூறியிருந்தது. ஆனால், சில இடங்களில் அது இல்லை. 1827-ஆம் ஆண்டு மே மாதம் ஆற்றுநீர் உள்ளே பாய்ந்தது. களிமண் மூட்டைகளை ஆற்றில் இட்டு அப்பிளவை அடைத்தனர். 1828 சனவரியில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. அறுவர் உயிர் நீத்தனர்; புருனெலின் மகனும் காயமுற்றார். பொருளும் தீர்ந்தமையால் பணி ஏழாண்டு நின்றது. புருனெல் மனம் தளர்ந்தாரல்லர். 1835-இல் அரசாங்கம் அளித்த கடனைக் கொண்டு, முன்னதினும் வலிய கேடயத்துடன் பணியைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 1,300 அடி நீளமுள்ள அச்சுரங்கம் 1843-இல் திறக்கப்பட்டது. 1849-இல் அவர் மறைந்தார். 1869 முதல் அவ்வழியே புகைவண்டிகள் ஓடலாயின.

சென்னையில் 2017-இல் நிலத்தடி மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. அதன் சுரங்கங்களை அகழ்ந்த பொறிகள் புருனெலின் கேடயத்தின் வழிவந்தவையே. இக்காலத்தில் அகழ்வதற்கு முன்னரே நிலத்தைத் துளையிட்டு, மண்ணின் வலிமையையும் நீரின் அழுத்தத்தையும் அளந்தறிகின்றனர். அவ்வளவுகளைக் கொண்டு, நிலம் எவ்வளவு தாழும், முகப்பைத் தாங்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பவற்றைக் கணிப்பொறியால் கணக்கிடுகின்றனர். புருனெல் இடருற்றுக் கற்றதனை இன்று கணக்கினால் முன்னறிய முயல்கின்றனர். ஆயினும், மண்ணின் இயல்பைப் பிழையற அறிந்தாலன்றி அக்கணக்கும் துணைசெய்யாது. தேம்சு ஆற்றின் அடியில் மாண்ட அறுவரின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.