எழுத்துப்பொறி கண்ட ஷோல்ஸ்

கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் 1819ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் அச்சுத்தொழில் பயின்று, பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தில் இதழாசிரியராய் விளங்கினார். மில்வாக்கி நகரில் அவர் நண்பர் ஒருவருடன் ஏடுகளுக்குப் பக்க எண் பொறிக்கும் கருவியொன்றைச் செய்துகொண்டிருந்தார். எண்ணைப் பொறிக்கும் கருவி எழுத்தையும் பொறிக்கலாகாதோ என்று கிளிடன் என்பார் வினவினார். அவ்வினாவே வித்தாயிற்று. மூவரும் முயன்று 1868இல் காப்புரிமை பெற்றனர்.

பொருளுதவி செய்த டென்ஸ்மோர் விடாக்கண்டர். அவர் பொறிகளைக் கிளெஃபேன் என்னும் சுருக்கெழுத்தாளரிடம் தந்து சோதிக்கச் செய்தார். கிளெஃபேனோ அவற்றை ஓயாது தட்டி உடைத்து, குறைகளை அடுக்கடுக்காய் எழுதியனுப்பினார். சாந்த குணமுடைய ஷோல்சும் சினந்தார். ஆயினும் குறைதோறும் ஒரு திருத்தம் பிறந்தது. துப்பாக்கி செய்யும் ரெமிங்டன் நிறுவனத்தார் 1873இல் உடன்பட, மறு ஆண்டு பொறி விற்பனைக்கு வந்தது. அது பெரிய எழுத்துகளை மட்டுமே பொறித்தது. அடித்த வரியை உடனே காணவும் இயலாது. வாங்கினோர் சிலரே. ஷோல்ஸ் அமைத்த எழுத்து வரிசையோ, சிறு மாற்றங்களுடன், இன்றும் கணினியின் ஆங்கில விசைப்பலகையில் விளங்குகிறது.

தம் உரிமையை அவர் 12,000 டாலருக்கு விற்றுவிட்டார். பொருளீட்டும் கலை அவருக்கு வாய்க்கவில்லை போலும்! மகளிர் பலர்க்கு அப்பொறி பிழைப்பு வழி காட்டியது கண்டு மகிழ்ந்தார். எலும்புருக்கி நோயால் நலிந்த காலத்தும் புதிய அமைப்புகளை ஆராய்ந்துகொண்டேயிருந்து, 1890இல் மில்வாக்கியில் மறைந்தார்.