தோப்பை வளர்த்த பெண்மணி

தனிமரம் தோப்பாகாது என்பார்கள் நம் பெரியோர். ஆனால் புகழ்பெற்றவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பழமொழியை நாம் மறந்து விடுகிறோம். ஒருவரே எல்லாவற்றையும் செய்து முடித்தார் என்று எண்ணி வியக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையையும் நான் முதலில் அப்படித்தான் படித்தேன். மீண்டும் படித்தபோதுதான், அவருக்குப் பின்னால் ஒரு மாதர் சங்கம் நின்றதைக் கண்டேன். அந்த அம்மையாரையும் அச்சங்கத்தையும் பற்றியதே இக்கட்டுரை.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். அக்குலத்துப் பெண்கள் சிலரைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அப்பெண்கள் பட்ட துன்பத்தையும், ஊரார் அவர்களைப் பழித்ததையும் முத்துலட்சுமி இளமையிலேயே அறிந்திருந்தார்.

பெண் பெரியவளானால் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்று எண்ணிய காலம் அது. ஆகவே தந்தையாரே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு, ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானோ எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார் முத்துலட்சுமி. தோழியரே, நாம் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்து சிரித்துப் பேசிப் படிக்கிறோம். பக்கத்தில் ஒரு தோழிகூட இல்லாமல் படித்த அந்தப் பெண்ணின் தனிமையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களுடன் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடை சொல்லக் கூடாது என்ற உறுதியைப் பெற்ற பிறகே அவர் திருமணத்துக்கு இசைந்தார். சொன்ன சொல்லைக் கணவரும் காப்பாற்றினார்.

இனி அச்சங்கத்தின் கதைக்கு வருவோம். 1917ஆம் ஆண்டு மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசர், அன்னி பெசன்ட் ஆகியோர் அதைத் தொடங்கி வைத்தனர். முத்துலட்சுமியும் அதில் சேர்ந்து உழைத்தார். வீட்டை விட்டு வெளியே வந்தறியாத பெண்கள் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடினார்கள். எழுதப் படிக்கக் கற்றார்கள், தையல் பழகினார்கள், குழந்தை வளர்ப்பையும் முதலுதவியையும் பற்றிக் கேட்டறிந்தார்கள். பார்ப்பவர்களுக்கு இது பொழுதுபோக்காகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அங்கேதான் அவர்கள் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று பேசக் கற்றார்கள். தங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று சிந்திக்கவும் கற்றார்கள்.

சங்கம் தோன்றிய அதே ஆண்டு டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் தூதுக் குழு ஒன்று அவரைச் சந்தித்து, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது. உடனே கிடைத்து விடவில்லை. அந்தந்த மாகாணமே முடிவு செய்து கொள்ளட்டும் என்று விட்டு விட்டார்கள். சங்கத்தார் சோர்ந்து போகாமல் தொடர்ந்து வற்புறுத்தினர். 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. இந்தியாவின் மாகாணங்களில் இதுவே முதலாவது. அப்போது சொத்துள்ள பெண்கள் மட்டுமே வாக்களிக்க முடிந்தது என்றாலும், மூடிய கதவு சிறிது திறந்து விட்டது. நகராட்சிகளிலும் ஸ்தல ஸ்தாபனங்களிலும் பெண்கள் அங்கம் வகிக்க வேண்டும் என்றும் சங்கம் கேட்டு வந்தது. ஸ்திரீ தர்மம் என்ற பத்திரிகையையும் நடத்தியது. பிற்காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பை முத்துலட்சுமி ஏற்றார்.

1926இல் பெண்களும் சட்டசபையில் உறுப்பினர் ஆகலாம் என்று வழி பிறந்தது. யாரை அனுப்புவது? சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொன்னது. அவரோ முதலில் தயங்கினார். நோயாளிகளை விட்டு அரசியலுக்குப் போவதா என்பது அவருடைய கவலை. தோழியர் வற்புறுத்தியதால் இசைந்தார். சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாம் எதற்காக அங்கே வந்தோம் என்பதை அவர் மறக்கவில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். மரபைக் கெடுக்கிறார் என்று படித்தவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிகளிலும் ஒரு பகுதியினர் தங்கள் கலையும் நிலமும் போய்விடும் என்று அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய அச்சம் வீண் என்று சொல்லி விட முடியாது. பல குடும்பங்களுக்கு அந்த நிலமே சோறு போட்டது. எனவே, கோயில் பணியிலிருந்து விடுபட்டாலும் இனாம் நிலம் அவர்களுக்கே சேரும்படி 1929இல் ஒரு சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் அவர் கொண்டு வந்தார். ஆனால் 1930இல் காந்தியடிகள் சிறை செய்யப்பட்டபோது, அதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். அதனால் அவர் அரும்பாடுபட்ட மசோதா நின்று போயிற்று. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில்தான் அது சட்டமாயிற்று. பதினேழு ஆண்டுகள் காத்திருக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

சட்டம் வருவதற்கு முன்பே பெண்கள் வந்து விட்டார்கள். பொட்டுக் கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று தப்பி வந்த இளம்பெண்கள் சிலர் அம்மையாரின் வீட்டு வாசலில் வந்து நின்றனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. ஊருக்கு உபதேசம் சொல்வது எளிது. வீட்டுக் கதவைத் திறப்பது கடினம். அம்மையார் கதவைத் திறந்தார். அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். அப்படி வந்த சில பெண்களுக்காகத் தொடங்கியதுதான் ஔவை இல்லம். பின்னர் அடையாற்றில் அது பெரிய நிலையமாக வளர்ந்து, திக்கற்ற பெண் குழந்தைகள் பலரைப் படிக்க வைத்து ஆளாக்கியது.

அம்மையாரின் மனத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அன்று முதல் அவர் எண்ணி வந்தார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அப்போதும் துணை நின்றது மாதர் சங்கமே. சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார்கள். 1952இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தங்கள் வாழ்நாள் பணியாக ஏற்று வளர்த்தார்கள். ஏழைகள் நாடெங்கிலுமிருந்து நம்பி வரும் இடமாக அது உயர்ந்தது. அந்த மருத்துவமனையின் பெயரோடு இந்திய மாதர் சங்கத்தின் பெயரும் சேர்ந்தே எழுதப்படுகிறது. இதை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தையலும் எழுத்தும் பழகக் கூடிய பெண்களின் சங்கம் அல்லவா அது!

1956இல் மத்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், 81ஆம் வயதில் அவர் மறைந்தார். ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரையே சூட்டியது.

அன்புத் தோழியரே! நம்மில் எல்லோரும் சட்டசபைக்குப் போகப் போவதில்லை. எல்லோரும் மருத்துவராகவும் முடியாது. ஆனால் சங்கத்தில் ஒருவராக இருக்க நம் எல்லோராலும் முடியும். நம் தெருவில் குழாய்த் தண்ணீர் வராதபோது நான்கு அம்மாக்கள் சேர்ந்து மனு எழுதினால், அதுவும் பொதுப்பணிதான். நம் வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண்ணைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டால், அதுவும் ஒரு கதவைத் திறப்பதுதான். திரைக்குப் பின்னால் தனியே அமர்ந்து படித்த பெண், பல்லாயிரம் பேருக்கு நிழல் தரும் தோப்பை வளர்த்து விட்டுச் சென்றார். அத்தோப்பில் நாமும் ஒரு செடி நடுவோம். வாழ்க அவர் புகழ்!