சைக்கிள் திருட்டில் ஆரம்பித்தது! முகமது அலி தலையில் வாங்கிய குத்துகள்

பொன்னேரி:

சாயங்காலம் ஆனால் பழவேற்காடு குப்பங்களில் பையன்களைப் பிடிக்க முடியாது. மணலில் பந்து, கபடி. சிலருக்கு பாக்சிங் ஆசையும் உண்டு. ரயில் ஏறினால் வட சென்னை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிக் குத்துச்சண்டை போட்ட ஊராயிற்றே!

ஆட்டத்தில் மண்டையில் அடிபட்டு ஒரு பையன் விழுந்தால் என்ன செய்கிறோம்? முகத்தில் தண்ணி தெளிப்போம். சோடா கொடுப்போம். ஒண்ணும் இல்லடா, எழுந்து ஆடு என்போம்.

உலகத்தையே ஆட்டி வைத்த ஒரு வீரனுக்கும் இதைத்தான் செய்தார்கள். அவர் முகமது அலி. மண்ணுக்குள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

சைக்கிள் போச்சு!

அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊர். 1942 ஜனவரி 17-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கேஷியஸ் கிளே. அப்பா போர்டு எழுதும் பெயிண்டர்.

1954-ல் பையனுக்கு 12 வயது. ஆசையாக வாங்கிய புது சைக்கிளில் ஒரு பொருட்காட்சிக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். அழுதுகொண்டே போலீஸ்காரரைத் தேடினான். திருடன் கையில் கிடைத்தால் உதைப்பேன் என்று குதித்தான்.

அந்தப் போலீஸ்காரர் பெயர் ஜோ மார்ட்டின். அதே கட்டிடத்தின் அடித்தளத்தில் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்கிக் கொண்டிருந்தவர். உதைப்பது இருக்கட்டும், முதலில் சண்டை கற்றுக்கொள் என்று சேர்த்துக் கொண்டார். நானும் தினமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறவன்தான். சைக்கிள் புகார் கொடுக்க வந்தவனுக்கு இப்படி வழிகாட்டிய போலீஸ்காரரை நான் பார்த்ததில்லை.

சில வாரத்திலேயே முதல் மேடை. பிறகு அமெச்சூர் சண்டை மட்டும் நூறுக்கு மேல். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். அப்போது வயது 18.

1964-ல் சோனி லிஸ்டனைச் சாய்த்து உலக ஹெவிவெயிட் சாம்பியன். அதோடு முகமது அலி என்று பெயர் மாற்றம். வியட்நாம் யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்றதால் 1967-ல் பட்டம் பறிபோனது. மூன்றரை வருஷம் மேடை ஏறவே விடவில்லை. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை.

கணக்கில் வராத குத்து

தெரியாத கதை பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வாலிபத்தில் அலியின் முகத்தைத் தொடவே முடியாது. அப்படி ஒரு கால் வேகம். திரும்பி வந்தபோது அந்த வேகம் குறைந்துவிட்டது. அதனால் குத்து வாங்கிப் பழக வேண்டும் என்று கூட ஆடுபவர்களைத் தன் மீதே குத்தச் சொன்னார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் வாங்கினார்.

தொழில்முறையில் அவர் போட்ட சண்டை 61. ஜெயித்தது 56. இந்தக் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. பயிற்சியில் விழுந்த குத்துக்குக் கணக்கு எங்கேயும் இல்லை.

குத்துவாங்கிகளுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும் என்பதை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற பிரேதப் பரிசோதனை டாக்டர் எழுதிவிட்டார். மண்டை ஓட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. அடி விழுந்தால் உள்ளே குலுங்குகிறது. நினைவு தப்பி விழ வேண்டும் என்பதில்லை. சின்னச் சின்ன அடியாக வருஷக் கணக்கில் வாங்கினாலும் போதும். தலையில் மாட்டும் கவசம் காயத்தைத் தடுக்கும். உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. பையன்களுக்குக் கழுத்து பலம் குறைவு, மூளையும் வளர்ந்து முடியவில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போனதும் உண்டு. அபூர்வம்தான். ஆனால் போனவர்களில் அதிகம் இளவட்டங்களே.

டாக்டர் விலகினார்

1975-ல் மணிலாவில் ஜோ பிரேசியருடன் 14 ரவுண்டு. இரண்டு பேரும் பாதி செத்துத்தான் இறங்கினார்கள். 1977-ல் எர்னி ஷேவர்ஸ் என்ற இடிக்கை ஆளுடன் 15 ரவுண்டு. அந்தச் சண்டைக்குப் பிறகு அலியின் டாக்டர் பெர்டி பச்சேகோ எச்சரித்து கடிதம் எழுதினார். பதில் இல்லை. டாக்டர் விலகிக்கொண்டார்.

சென்னையில் அலி

1979-ல் ஓய்வு என்று அறிவித்த அலி, 1980 தொடக்கத்தில் நம் சென்னைக்கே வந்தார்! நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை. முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலிக்கு லூயிவில்லில் சின்ன வயசு சிநேகிதர், அதே மார்ட்டினிடம் பழகியவர். அவரும் 1968-ல் ஒரு உலகப் பட்டம் வாங்கியவர்தான். அப்போது நான் பிறக்கவே இல்லை. அந்த வயதுக்காரர்கள் இன்றும் அதை விடாமல் பேசுகிறார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறுபடியும் பட்டத்துக்கு நிற்கிறேன் என்றார். அதே வருஷம் ஜூலையில் மேயோ ஆஸ்பத்திரியில் பரிசோதனை. ஒற்றைக் காலில் சரியாகத் துள்ள முடியவில்லை, விரலால் மூக்கு நுனியைத் தொடுவதில் லேசாகத் தப்புகிறது, பேச்சு சற்றுக் குழறுகிறது. இத்தனையும் தெரிந்தும் சண்டைக்குத் தகுதி என்று சான்று கிடைத்தது. லைசென்சும் கிடைத்தது. டிக்கெட் பணம் பேசியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். எதிரி லாரி ஹோம்ஸ். ஒரு காலத்தில் அலியிடம் பயிற்சிக்குக் குத்து வாங்கியவர். 10 ரவுண்டு அலி அடி மட்டுமே வாங்கினார். அதற்கு மேல் பார்க்கப் பொறுக்காமல் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. அதுதான் கடைசி.

1984-ல் பார்க்கின்சன் நோய் என்று சொல்லிவிட்டார்கள். வயது 42 தான்! ஓயாமல் பேசிய வாய் மெல்ல அடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் தீபம் ஏற்றியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. 2016 ஜூன் 3-ல், 74 வயதில் அரிசோனாவில் இறந்தார்.

டாக்டர்கள் தகராறு

குத்து வாங்காதவருக்கும் பார்க்கின்சன் வரும். அலிக்கு வந்தது குத்தாலா, தானாகவா என்று டாக்டர்களுக்குள் இன்னும் தகராறு. அதை மறைத்து எழுதுவது சரியில்லை.

ஆனால் மற்ற ஆட்டங்களிலும் உஷார் ஆகிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் பழைய கால்பந்து வீரர்களின் மரணங்களை ஆராய்ந்து 2019-ல் கிளாஸ்கோ டாக்டர்கள் முடிவு சொன்னார்கள். மூளை நோயால் சாவது அவர்களிடம் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. அமெரிக்க கால்பந்து சங்கம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்று 2015-லேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி வேண்டாம் என்று 2020-ல் வந்தது. அடிபட்ட பையனுக்குத் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது என்று எது இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள்.

நேரு ஸ்டேடியத்தில் அலி எதிரில் நின்றாரே ஜிம்மி எல்லிஸ், அவர் 2014 மே மாதம் லூயிவில்லில் இறந்தார். அவருக்கும் 74 வயது. கடைசி வருஷங்களில் மறதி நோய். செத்துப்போன மனைவி மேரி உயிரோடு இருப்பதாகவே நம்பிக் கொண்டிருந்தாராம்.