தொழிலாளர் துயர் துடைத்த சிதம்பரனார்

கப்பலோட்டிய தமிழர் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் நாம் போற்றும் வ. உ. சிதம்பரனாரின் வாழ்வில், அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. உழைக்கும் மக்களின் உடல் நலத்துக்கு வழிசெய்த போராட்டம் அது.

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்.

அதே தூத்துக்குடியில், ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் மில் இயங்கி வந்தது. அங்கே விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் வேலை செய்தனர். வார விடுமுறை கிடையாது. தவறு செய்தால் பிரம்படி!

நூற்பாலையில் பறக்கும் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நெஞ்சு இறுகும், மூச்சுத் திணறும். பிசினோசிஸ் என்று மருத்துவம் இதற்குப் பெயரிட்டுள்ளது. ஓயாத இரைச்சல் செவியைக் கெடுக்கும். களைத்த உடலில் கவனம் சிதறும். ஓடும் இயந்திரத்தின் அருகே கவனம் சிதறினால் விரல் போகும். ஆகவே தொழிலாளிக்கு ஓய்வு சலுகையன்று, பாதுகாப்பு.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வார விடுமுறையை வகுத்திருந்தது. ஆனால் ஏட்டில் இருந்த விடுமுறை ஆலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளரைத் திரட்டினர். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் வேலை நிறுத்தம் தொடங்கியது. வேலையிழந்த குடும்பங்கள் பசியால் பணிந்துவிடக் கூடாதே என்று சிதம்பரனார் நிதி திரட்டினார். பலருக்கு வேறு வேலையும் தேடித் தந்தார். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

சில நாட்களில், மார்ச் 12ஆம் நாள், அவர் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து மில் தொழிலாளர் மீண்டும் வேலை நிறுத்தம் செய்தனர். இராசத் துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் சணல் இயந்திரத்தைச் சுற்றியதில் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் செக்கில் பூட்டினர். தொழிலாளியின் உடல் நோகலாகாது என்று பாடுபட்டவரின் உடலையே கொடிய வேலையால் வதைத்தனர்! 1912 இறுதியில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. கையில் செல்வமும் இல்லை. 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

நண்பர்களே, நம் விளவங்கோடு வட்டாரத்தில் அண்டியாபீஸ் என நாம் அழைக்கும் முந்திரி ஆலையில், கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை வெந்த தாய்மார் எத்தனை பேர்! அந்தக் கைகள் ஈட்டிய கூலியில் படித்தவர் நம்மிடையே உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாதுகாப்புக்கு விதிகள் பல வகுத்தது. ஆயினும் கேட்பார் இல்லாத சட்டம் தானாக வந்து கையைக் காக்காது என்பதைக் கோரல் மில் நமக்குக் காட்டுகிறது. நாளை அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் ஆகப்போகும் நாம், கேட்பவர்களாக இருப்போம். அதுவே சிதம்பரனாருக்கு நாம் செய்யும் நன்றி.