உடைக்காது உள்ளறிந்த உத்தமர் ராண்ட்ஜன்

சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார் அதனை விரலால் சுண்டிப் பார்ப்பர். கணீரென்று ஒலித்தால் அது நல்ல பானை; ஓசை மழுங்கினால் கண்ணுக்குப் புலப்படாத கீறல் எங்கோ உண்டு. தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதும் இத்தகையதே. உடைத்துப் பார்த்தால் ஐயமின்றித் தெரிந்துவிடும். ஆயின் உடைத்த பானையில் உலை வைக்க இயலாது. புகைவண்டி நிலையங்களில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்ற தொழிலாளரை நம்மில் முதியோர் பலர் கண்டிருப்பர். அவரும் பானையைச் சுண்டிய கலையையே இரும்பிற் பயின்றவர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வேறொரு முறை. எஃகிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, அது அறும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனை இப்பழமொழியைத் தழுவியது. ஆயினும் ஒரே நெருப்பில் ஒருங்கே வெந்த சோற்றுக்குப் பொருந்தும் விதி, கொதிகலன் குழாய்களின் வெல்டிங் இணைப்புகளுக்குப் பொருந்துமோ? ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியே ஒரு மனிதர் கையால் ஒரு வேளையில் செய்யப்பட்டது. ஒன்று செவ்வையாக இருப்பது அடுத்ததற்குச் சான்றாகாது. ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்தாலோ, கொதிகலனே மிஞ்சாது. ஆகவே, பொருளைச் சிதைக்காமலே அதன் உட்குறையை அறியும் முறை பொறியியலுக்கு இன்றியமையாததாயிற்று.

நம் காலனியில் சில வீடுகளில், குழந்தைகள் உறங்கச் செல்லும் வேளையில் தந்தையார் ஆலைக்குப் புறப்படுவதைக் காண்கிறோம். ஆலையின் அப்பகுதியில் ஆள் நடமாட்டம் அடங்கியபின், சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு ஏற்றி, கதிர்ப்படம் எடுக்கும் பணி அவர்களுடையது. இரவில் ஏன் செல்ல வேண்டும், என்ன படம் எடுக்கிறார்கள் என்று குழந்தைகள் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடையாக, அக்கதிரைக் கண்டறிந்த வில்ஹெல்ம் கொன்ராட் ராண்ட்ஜன் என்னும் பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

ராண்ட்ஜன் ஜெர்மனியில் லென்னெப் என்னும் சிற்றூரில் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். தாயார் டச்சுக் குடும்பத்தினர். பெற்றோருக்கு இவர் ஒரே மகன். இவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்து நாட்டிற்குக் குடிபெயர்ந்தது. பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை அவர் என்பது, தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு ஒருவகை உறவை உணர்த்துகிறது.

உட்ரெக்ட் நகரத்துத் தொழிற்கல்விப் பள்ளியில் பயிலுங்கால் இவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. ஆசிரியர் ஒருவரை எள்ளி நகையாடும் கேலிப்படம் ஒன்று வகுப்பில் வரையப்பட்டது. வரைந்தவர் இவர் அல்லர். வரைந்த தோழனைக் காட்டிக்கொடுக்கவும் இவர் மனம் ஒருப்படவில்லை என்பர். பழி இவர்மேல் விழ, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அதனால் பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய சான்றிதழ் இவருக்குக் கிட்டாமற் போயிற்று.

எனினும் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியின் வாயில் இவருக்குத் திறந்தது. 1865-இல் அங்குச் சேர்ந்து, 1868-இல் இயந்திரப் பொறியாளர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே டாக்டர் பட்டமும் எய்தினார். எக்ஸ் கதிர் என்றதும் மருத்துவமனையே நம் நினைவிற்கு வருகிறது. அதனைக் கண்டறிந்தவர் முறையாகப் பயின்றதோ இயந்திரப் பொறியியல்! பின்னர் ஆகஸ்ட் குன்ட் என்னும் பௌதிகப் பேராசிரியரின் உதவியாளராகி, நுண்ணிய கருவிகளைத் தம் கையாலேயே அமைக்கவும் அளவைகளைப் பிழையின்றி எடுக்கவும் கற்றார். சூரிச் நகரில் சந்தித்த பெர்த்தா அம்மையாரை 1872-இல் மணந்தார். மக்கட்பேறு இல்லாமையால், அம்மையாரின் உடன்பிறந்தார் மகளைத் தம் மகளாக வளர்த்தனர்.

குன்ட் அவர்களுடன் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்றபோது, பழைய பள்ளிச் சான்றிதழ் இல்லையென்று கூறி, விரிவுரையாளராகும் தகுதியை அப்பல்கலைக்கழகம் இவருக்கு மறுத்தது. ஸ்ட்ராஸ்பர்க் 1874-இல் அத்தகுதியை அளித்தது. கீஸன் நகரில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தபின், 1888-இல் அதே வூர்ட்ஸ்பர்க் இவரைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது. 1894-இல் தலைவராகவும் தேர்ந்தது. மறுத்த மன்றமே மாலையிட்டு வரவேற்ற காட்சி இது.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. காற்று நீக்கப்பெற்ற கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார் ராண்ட்ஜன். ஒளி கசியாதபடி குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அறையையும் இருட்டாக்கியிருந்தார். அப்போது, பேரியம் பிளாட்டினோ சயனைடு என்னும் உப்பு பூசிய தாள் ஒன்று அருகே ஒளிர்வதைக் கண்டார். இரண்டு மீட்டர் தொலைவிற்கு நகர்த்தியபோதும் ஒளி மறையவில்லை. குழாயினுள் தோன்றும் எதிர்மின் கதிர்களோ காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குமேற் செல்லமாட்டா. எனவே இது புதியதொரு கதிராதல் வேண்டும்.

அத்தகைய குழாய்களை வைத்து ஐரோப்பாவெங்கும் பலர் ஆராய்ந்து வந்தனர். அவர்களுடைய அறைகளிலும் இக்கதிர் எழுந்திருக்கும். ஆனால் நின்று கவனித்தவர் இவரே. கவனித்ததும் ஊரைக் கூட்டினாரா? இல்லை. தம் கண்ணையே ஐயுற்றார். ஏழு வாரங்கள் சோதனைச் சாலையிலேயே கிடந்தார். உணவும் உறக்கமும் பெரும்பாலும் அங்கேயே. கதிருக்கும் திரைக்கும் இடையே கையிற் கிடைத்தவற்றையெல்லாம் வைத்து அளந்தார். ஆயிரம் பக்கமுள்ள தடித்த புத்தகத்தைக் கதிர் எளிதில் ஊடுருவியது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடித்த மரப்பலகை சிறிதளவே தடுத்தது. 15 மில்லிமீட்டர் தடித்த அலுமினியம் கதிரைப் பெரிதும் நலிவித்தது. ஆயினும் முற்றும் தடுக்கவில்லை. ஈயமோ 1.5 மில்லிமீட்டர் அளவிலேயே ஏறத்தாழ முழுவதும் தடுத்து நிறுத்தியது. பொருளின் அடர்த்தியும் தடிப்பும் மிகுந்தால் ஊடுருவும் கதிர் குறையும் என்பது இவ்வளவைகளால் விளங்கியது. கதிரின் இயல்பு இன்னதெனத் தெளியாமையால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எக்ஸ் என்ற எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார்.

டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியாரை அழைத்து, அவர் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரலில் அணிந்த மோதிரமும் தெரிந்த அப்படத்தைக் கண்டு அம்மையார் மரணத்தின் நிழலைக் கண்டவர்போல் அஞ்சினார் என்பர். டிசம்பர் 28-இல் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்திடம் அளித்தார். புத்தாண்டு நாளில் படங்களுடன் அதன் பிரதிகளை நண்பர்களுக்கு அனுப்பினார். சில நாட்களுக்குள் உலகெங்கும் அச்செய்தி பரவியது. சில வாரங்களுக்குள் மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடலிற் பாய்ந்த குண்டையும் இக்கதிரால் கண்டறியத் தொடங்கினர்.

உலகத்தார் கண் அந்தக் கைப்படத்தின் மேலேயே நிலைத்தது. ஆனால் அக்கட்டுரையில் ராண்ட்ஜன் வேறு சில நிழற்படங்களையும் குறித்திருந்தார். மரப்பெட்டிக்குள் மூடிவைத்த எடைக்கற்கள், ஒரு திசைகாட்டி, இவற்றோடு உள்ளே ஒருசீராக இல்லாத ஓர் உலோகத் துண்டு. வெளிப்பார்வைக்குப் புலனாகாத அந்த உட்குறையைக் கதிர் காட்டிற்று. 1897-இல் வெளியிட்ட மூன்றாம் கட்டுரையில், இரட்டைக் குழல் துப்பாக்கியைப் படமெடுத்து, உள்ளிருந்த தோட்டாக்களையும் குழலின் எஃகில் மறைந்திருந்த பழுதுகளையும் கண்டதை எழுதினார். சிதைக்காமற் சோதிக்கும் கதிர்ப்படக் கலை இவ்வாறு எக்ஸ் கதிருடன் இரட்டைப் பிள்ளையாகவே பிறந்தது எனலாம். கையைப் படமெடுத்தவருள் வாழ்ந்த இயந்திரப் பொறியாளர் உலோகத்தை மறக்கவில்லை.

தடித்த எஃகை ஊடுருவ அந்நாளைய குழாய்களுக்கு ஆற்றல் போதவில்லை. 1913-இல் அமெரிக்கரான கூலிட்ஜ் வலிய குழாயை அமைத்தார். 1922-இல் அந்நாட்டு வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஹோரஸ் லெஸ்டர் என்பார், இரண்டு லட்சம் வோல்ட் ஆற்றலுள்ள கருவியால் எஃகு வார்ப்புகளைப் படமெடுக்கலானார். பின்னர்க் கதிரியக்கப் பொருள்களும் துணைக்கு வந்தன. இரிடியம்-192 என்னும் பொருள் 74 நாட்களில் தன் வலிமையில் பாதியை இழப்பது. ஆயினும் மின்சாரமின்றியே காமா கதிர் வீசுவதால், குழாய் செல்லும் இடத்திற்கெல்லாம் அதனைக் கொண்டுசெல்லலாம். நம் நாட்டில் டிராம்பே அணு உலைகள் அதனை ஆக்கித் தந்தன. தமிழகத்தில் 1971-இல் கல்பாக்கத்தில் தோன்றிய அணு ஆராய்ச்சி நிலையம், சிதைக்காமற் சோதிக்கும் துறையிலும் சிறந்த பணி ஆற்றியுள்ளது.

படத்தைப் படிக்கும் முறையையும் சிறிது கூறுவோம். உலோகம் குறைந்த இடத்தில் கதிர் மிகுதியாகப் புகும். ஆதலால் பிலிமில் அவ்விடம் கறுக்கும். வெல்டிங்கில் அடைபட்ட வாயுக் குமிழி வட்டமான கரும்புள்ளியாகத் தோன்றும். உலோகம் அடிவரை உருகி இணையாத இடம் நேரிய கருங்கோடாகத் தெரியும். படமெடுக்குமுன், படிப்படியாக மெலிந்த கம்பிகள் சிலவற்றை இணைப்பின்மேல் வைப்பர். குறித்த மெல்லிய கம்பி படத்தில் தெரியவில்லையாயின் அந்தப் படமே தள்ளப்படும். பிறவற்றைச் சோதிக்கும் கருவி முதலில் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகிறது! கதிருக்குக் குறுக்காகக் கிடக்கும் மெல்லிய வெடிப்பு இதற்கும் தப்புவதுண்டு. அதற்கெனக் கேளா ஒலி அலைகளைச் செலுத்தி எதிரொலியால் அறியும் முறை உளது.

இக்கதிர் இருபுறமும் கூருடைய வாள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, அதன் தீமை அறியாது நாளும் அதனிற் பழகி, 1904-இல் உயிர் நீத்தார். சிவப்பு விளக்கும் கயிற்று வேலியும், ஆளில்லாத இரவு வேளையும், ஊழியர் மார்பில் அணியும் கதிரளவு வில்லையும் இத்தகையோர் துயரத்திலிருந்து உலகம் கற்ற பாடங்கள்.

1901-இல் பௌதிகத்துக்கான முதல் நோபெல் பரிசு ராண்ட்ஜனை அடைந்தது. அப்பரிசுத் தொகையை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கே அளித்துவிட்டார். கண்டுபிடிப்புக்கு உரிமைப் பட்டயம் பெற மறுத்தார். அது மக்கள் அனைவர்க்கும் உரியதென்பது அவர் துணிபு. பெயருக்குமுன் சேர்க்கத்தக்க பிரபுப் பட்டத்தையும் ஏற்கவில்லை. ராண்ட்ஜன் கதிர் என்று பிறர் வழங்கியபோதும், தாம் எக்ஸ் கதிர் என்றே கூறிவந்தார். 1900 முதல் மியூனிக் நகரில் பணியாற்றினார். 1919-இல் மனைவியாரை இழந்தார். போருக்குப்பின் எழுந்த பணவீக்கத்தில் செல்வமும் கரைந்தது. 1923-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் அஸ்தி கீஸன் நகரில் பெற்றோர், மனைவியார் ஆகியோரின் அருகே அடக்கம் செய்யப்பெற்றது.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? கதிர் பொய் சொல்லாது. படமும் பொய் சொல்லாது. ஆனால் அப்படத்தை விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, ஏற்கலாம் என்றோ தள்ளுக என்றோ எழுதுவது ஒரு மனிதரின் கை. வேலை முடிய வேண்டிய நாள் நெருங்கும், மேலிருந்து விரைவுபடுத்துவர், ஒரு மெல்லிய கருங்கோட்டைக் காணாததுபோல் விட்டுவிட மனம் சலிக்கும். அக்கோட்டின்கீழ் நாளை நின்று வேலை செய்பவர் நம் அண்டை வீட்டாராக இருக்கலாம். நம் பிள்ளையாகவும் இருக்கலாம். கண்டதை ஏழு வாரங்கள் ஐயுற்று அளந்து, அளந்ததை ஒளிக்காமற் கூறி, கூறியதற்கு விலை கேளாதிருந்த ஒருவரின் நினைவு அந்த வேளையில் துணை நிற்பதாக.

இரவில் புறப்படும் தந்தையரைக் கண்டு வினவும் நம் குழந்தைகளே! உங்கள் தந்தையார் செல்வது, இரும்பைச் சுண்டிப் பார்க்கவே. அதனைச் செவ்வையாகச் செய்து அவர் விடியலில் வீடு திரும்பும்போது, ஊர் நிம்மதியாக உறங்கி எழுந்திருக்கும்.