கொச்சித் துறைமுகம் கண்ட ராபர்ட் பிரிஸ்டோ

கடலைக் கண்ணாற் காணாமலே வாழ்நாளைக் கழித்தோர் நம் ஏரியூர்ப் பக்கத்து முதியோருள் பலர். கீழைக் கடலும் மேலைக் கடலும் நமக்குச் சேய்மையன. ஆயினும் நாம் நாடோறும் கையாளும் பொருள்களுட் பல, யாதேனும் ஒரு துறைமுகத்தின் வழியே வந்தனவாகும். மலைநாட்டு மிளகும் நீலகிரித் தேயிலையும் அயல்நாடு சென்று பொருளீட்டித் தருவதும் துறைமுகத்தின் வாயிலாகவே. அத்துறைமுகங்கள் யாவும் இயற்கையிலேயே அமைந்தன என்று எண்ணுவோர் உளர். கொச்சித் துறைமுகத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதியே மெய்யாம். இயற்கை அங்கே அகன்றதொரு நீர்நிலையை அளித்தது. அதன் வாயிலையோ மணலால் அடைத்து வைத்தது. அவ்வாயிலைத் திறந்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்து எனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிரிஸ்டோ 1880-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பொறியியல் கற்றுத் தேர்ந்து, 1903-ஆம் ஆண்டில் அரசுப் பணியிற் சேர்ந்தார். ஆங்கிலக் கடற்படையின் துறைமுகப் பணிகளில் அமர்ந்து, போர்ட்ஸ்மவுத்திலும் மால்டாத் தீவிலும் தொழில் புரிந்தார். அலையின் போக்கும் மணலின் போக்கும் ஏட்டிற் கற்றது போக, கரையில் நின்றும் கற்க அப்பணிகள் அவருக்கு உதவின. அங்ஙனம் பழகிய அறிவோடு 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு அகவை முப்பத்தொன்பது.

கொச்சியின் பழைய நிலையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். சேரநாட்டு முசிறித் துறையின் பெருமையைச் சங்க நூல் கற்றார் அறிவர். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றிற் பெருகிய வெள்ளத்தால் கடற்கரையின் அமைப்பு மாறியது என்றும், கொச்சியின் கழிமுகம் அகன்று திறந்தது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். கழிமுகத்தின் உட்புறத்தே வேம்பநாட்டுக் காயல் பரந்து கிடக்கின்றது. அலையின் தாக்குதலின்றிப் பல கப்பல்கள் அங்கே தங்கலாம். ஆனால் வாயிலுக்கு வெளியே, கடலினுள், பாறை போல் இறுகிய மணற்றிட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. எட்டு அல்லது ஒன்பது அடிக்கு மேல் நீராழம் வேண்டும் கப்பல் எதுவும் அதனைக் கடந்து உட்புகல் இயலாது. ஆகவே பெருங்கப்பல்கள் வெளியே திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்குகளைத் தோணிகளிலேற்றிக் கரை சேர்த்தனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்து அத்தொழிலும் பெரிதும் தடைப்பட்டது. 1869-ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின் மேலைக் கடலிற் கப்பற் போக்குவரவு பெருகவே, இக்குறை முன்னினும் பெரிதாய்த் தோன்றிற்று.

இத்திட்டு உண்டாகும் வகையை நம் பக்கத்தார் எளிதில் உணர்வர். விரைந்து வரும் காவிரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பிற் புகுந்து வேகம் தணிந்தவுடன் தான் சுமந்து வந்த வண்டலைக் கீழே இடுகின்றது. அவ்வாறே ஆறுகள் கழிமுகத்திற் கடலோடு கலந்து வேகமிழக்குங்கால் வண்டலை விடுகின்றன. கடலலையும் தன் பங்கிற்குக் கரையோர மணலை உந்திக்கொண்டு வருகின்றது. இரண்டும் கூடும் இடத்தில் திட்டு வளர்கின்றது.

திட்டை வெட்டிக் கப்பல் செல்லும் கால்வாய் அமைக்கலாம் என்னும் எண்ணம் பிரிஸ்டோவிற்கு முன்னரே இருந்தது. அதனைத் தடுத்தது ஓர் அச்சம். அத்திட்டே கடலலையின் வேகத்தை முறித்துக் கரையைக் காக்கும் வேலியாகவும் இருந்தது. வேலியை அகற்றினால் வாயிலின் வடபாலுள்ள வைப்பின் தீவின் கரையை அலை அரித்துவிடும் என்றும், காயலுக்கும் கேடு நேரும் என்றும் அறிந்தோர் பலர் கருதினர். தென்னையும் மீனும் நம்பி வாழும் மக்கள் நிறைந்த தீவு அது.

இவ்வச்சத்தின் பொருளை நம் ஊரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மேட்டூர் அணை 1925-ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1934-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதனால் தஞ்சை வயல்கள் செழித்தன. காவிரிக் கரையில் நம் முன்னோர் உழுத நிலங்களும் குடியிருந்த ஊர்களும் நீரில் மூழ்கின. நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கு நீர் கடந்து செல்வோர், நீர் வற்றிய காலத்துப் பழைய கோயிலும் மாதா கோயிற் கோபுரமும் தலைகாட்டக் காண்பர். பெரும்பணி ஒன்றினால் ஓரிடத்தார் வாழ, வேறோரிடத்தார் இழக்க நேரும் என்பதற்கு அவை சான்றாக நிற்கின்றன. கொச்சியிலும் இவ்வினாவே முதலில் எழுந்தது. பிரிஸ்டோவின் பெருமை, இவ்வினாவிற்கு விடை காணாமல் மண்வெட்டியை எடாமையிலேயே விளங்குகின்றது என்பது எம் கருத்து.

அவர் வந்தவுடன் திட்டை வெட்டத் தொடங்கினாரல்லர். கடலின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் மணல் நகரும் திசையையும் ஆராய்ந்தார். மழைக்காலத்தே மலையாளக் கரையோரம் சிற்சில இடங்களில் மென்சேறு கடலிற் கலந்து பரவி, அலையை அடக்கி நிற்பதுண்டு. அச்சேற்றுக் கரைகளின் இயல்பை அவர் பல்லாண்டுகள் ஆய்ந்து, 1938-ஆம் ஆண்டில் இரண்டு பகுதிகளாக நூலும் வெளியிட்டார். ஆராய்ச்சியின் முடிவில், வைப்பின் கரையைக் கருங்கல் அணைகளாற் காக்கலாம் எனத் துணிந்தார். கரையோரத்து ஏற்ற முறையில் அமைக்கப்படும் அவ்வணைகள் மணலைத் தம்மிடையே தடுத்து நிறுத்தும். நின்ற மணலே கரைக்கு அரணாகும். கடலின் வினையைக் கொண்டே கடலைத் தடுக்கும் முறை இது. சென்னை அரசு அமைத்த ஆய்வுக் குழுவும் அவரது திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

கடலை ஆராய்தலினும் அரசுகளை இணக்குதல் அரிதாயிருந்தது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர்க்கு உரியது. மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் தருமபுரி அந்நாளில் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தைப் போலவே அதுவும் சென்னை அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி மன்னர்க்கு உரியன. காயலின் தென்பகுதி திருவாங்கூர் மன்னர்க்கு உரியது. ஒரு வாயிலுக்கு மூவர் உரிமை கொண்டாடினால், செலவை ஏற்பார் யார், சுங்க வருவாயைப் பெறுவார் யார் என்னும் வழக்கு எழாதிருக்குமோ? சென்னை ஆளுநராக 1919 முதல் 1924 வரை விளங்கிய வில்லிங்டன் பிரபு இப்பணியில் ஊக்கங்காட்டினார். நெடிய பேச்சுக்களின் பின்னர் வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கை ஏற்பட்டது.

பின்னரே தூர் வாரும் பணி பெரிய அளவில் தொடங்கிற்று. இதற்கெனக் கட்டப்பட்ட தூர்வாரும் கப்பல் 1926-ஆம் ஆண்டு மே திங்களிற் கொச்சியை அடைந்தது. ஆளுநர் நினைவாக அதற்கு லார்டு வில்லிங்டன் என்று பெயரிட்டிருந்தனர். அஃது அடிமண்ணைக் கிளறி, நீரோடு சேர்த்து உறிஞ்சி, நீண்ட குழாய்களின் வழியே வேண்டிய இடத்திற் கொண்டு தள்ளும். நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீதம் இரண்டாண்டுக் காலம் அது தொழிற்படவேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. எடுத்த மண்ணை என் செய்வது என்னும் வினாவிற்கும் பிரிஸ்டோ முன்னரே விடை கண்டிருந்தார். காயலின் நடுவே அம்மண்ணைக் கொட்டிப் புதுநிலம் ஆக்கினார். அங்ஙனம் மூன்று சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் நீரினின்று எழுந்தது. அதுவே வில்லிங்டன் தீவு எனப் பெயர் பெற்றது. துறைமேடைகளும் பண்டசாலைகளும் அலுவலகங்களும் அதன்மேல் அமைந்தன. பிற்காலத்தே இருப்புப்பாதையும் அங்கே சென்றது. கப்பலுக்குத் தடையாய்க் கிடந்த மண், கப்பலை வரவேற்கும் தரையாயிற்று.

1928-ஆம் ஆண்டு மே திங்கள் 26-ஆம் நாள், பம்பாயிலிருந்து வந்த பத்மா என்னும் நீராவிக் கப்பல் புதிய கால்வாயின் வழியே துறைமுகத்தினுட் புகுந்தது. பிரிஸ்டோ கொச்சிக்கு வந்து எட்டாண்டுகள் கழிந்திருந்தன. 1930-31-ஆம் ஆண்டளவில், முப்பதடி ஆழம் வேண்டும் கப்பல்களுக்கும் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் கொச்சி, பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிற் படைகளின் பணிக்கு அது பெரிதும் பயன்பட்டது. விடுதலைக்குப் பின் நம் இந்தியக் கடற்படையின் தென்மண்டலத் தலைமையகமும் கொச்சியிலேயே நிலைபெற்றது.

இப்பணியை ஆங்கில ஆட்சி, தன் வாணிகத்தையும் கடலாதிக்கத்தையும் எண்ணியே மேற்கொண்டது என்பதை நாம் மறத்தல் கூடாது. கருங்கல் சுமந்தோரும் சேற்றில் நின்று உழைத்தோரும் நம் நாட்டுத் தொழிலாளரே. அவர்தம் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. இவற்றை எண்ணிப் பார்த்த பின்னும், பிரிஸ்டோவின் தகுதி குறைவதாக எமக்குத் தோன்றவில்லை. அவர் குணத்தை விளக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் தம் கழகங்களில் இந்தியரைச் சேர்க்காதிருந்த அந்நாளில், அவரும் அவர் துணைவியார் கெர்ட்ரூடு அம்மையாரும் 1931-ஆம் ஆண்டில் எறணாகுளத்தில் தாமரைக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அதில் இந்தியரும் ஆங்கிலேயரும் ஒருங்கே உறுப்பினராயினர். நிலத்திலும் நீரிலும் வாயிலை அடைத்த திட்டை நீக்க முயன்றவர், மக்களிடையே கிடந்த திட்டையும் இயன்றவரை நீக்க எண்ணினார் போலும். தத்தம் மரபினர் நலங்கருதிச் சங்கம் கூட்டுவோராகிய நாம், நம் வாயில் பிறர்க்கும் திறந்துள்ளதா என்று அவ்வப்போது நோக்குதல் நன்று.

இருபத்தொரு ஆண்டுகள் கொச்சியிற் பணியாற்றி, 1941-ஆம் ஆண்டில் அவர் தாய்நாடு திரும்பினார். தம் பணியின் வரலாற்றை 1959-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களிற் காலமானார்.

அவர் திறந்த கால்வாய் ஒருமுறை திறந்தபின் தானே நின்றுவிடுவதன்று. பருவமழை ஆண்டுதோறும் வண்டலைக் கொணர்கின்றது. ஆண்டுதோறும் தூர் வாரியே அக்கால்வாயைக் காத்து வருகின்றனர். ஏரியும் வாய்க்காலும் பேணும் குடியிற் பிறந்த நமக்கு இது புதிதன்று. ஒருகால் வெட்டிவிட்டுப் பின்னர் நோக்காத வாய்க்கால் மேடாகும் என்பதை நம் பாட்டனார் அறிவர். பெரும்பணி எடுப்போர் அயலார்க்கு நேரும் தீங்கை முன்னரே ஆராய்தல் வேண்டும்; உரிமையுடையார் அனைவரையும் இணக்குதல் வேண்டும்; முடித்த பின்னும் பேணுதல் வேண்டும். பொறியியல் கற்க விழையும் நம் இளைஞர், அணையும் பாலமும் துறையும் அமைக்கும் நாளில் இவற்றை நினைவிற் கொள்வாராக. அவர்கள் கட்டும் அணையின் கீழ் எவருடைய வீடும் சொல்லாமல் மூழ்காதிருப்பதாக.