பாக்டீரியாவுக்கும் ஒரு எதிரி உண்டு!

பாக்டீரியாவால் நமக்குப் பேதி, காய்ச்சல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாக்டீரியாவுக்கே நோய் வருமா? வரும்! அதைக் கண்டுபிடித்த பெலிக்ஸ் டெரெல் என்பவரின் வாழ்க்கையைத்தான் நான் இப்போது சொல்லப் போகிறேன்.

இவர் 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ல் பாரீஸில் பிறந்தார். டாக்டர் படிப்பு படித்தவர் இல்லை. புத்தகம் வாங்கி, வீட்டிலேயே சோதனை செய்து, தானாகவே கற்றுக்கொண்டார். வேலை தேடி குவாத்தமாலா, மெக்சிகோ என்று அலைந்தார். 1910-ல் மெக்சிகோவில் வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. அவற்றின் வயிற்றிலிருந்த பாக்டீரியாவை எடுத்துத் தட்டில் வளர்த்தார். வெள்ளையாகப் படர்ந்த அந்தப் பாக்டீரியாப் படலத்தின் நடுவே, அங்கங்கே வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் இருந்தன. யாரோ பாக்டீரியாவைத் தின்றது மாதிரி! காரணம் அப்போது அவருக்கே புரியவில்லை.

1915-ல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பாரீஸ் அருகே படைவீரர்களுக்குச் சீதபேதி வந்தது. டெரெல் அப்போது பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். நோயாளிகளின் மலத்தைப் பாக்டீரியாகூட நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். அந்த நீரைச் சீதபேதிக் கிருமி வளரும் குழாயில் விட்டார். கலங்கலாக இருந்த குழாய் ஒரே இரவில் தெளிந்துவிட்டது! பாக்டீரியாவை விடச் சிறிய ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. 1917-ல் இதை வெளியிட்டு, பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தார். பாக்டீரியாவைத் தின்னி என்று அர்த்தம். சுருக்கமாக பேஜ். இங்கிலாந்தின் பிரெடரிக் ட்வார்ட் 1915-லேயே இதே மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தார்.

1919-ல் பாரீஸ் குழந்தைகள் மருத்துவமனையில் 12 வயதுப் பையன் ஒருவன் சீதபேதியால் சாகும் நிலையில் இருந்தான். டெரெல் என்ன செய்தார் தெரியுமா? முதலில் அந்த மருந்தைத் தானே குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பையனுக்குக் கொடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. நம் நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 1927-ல் பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்கு பேஜ் கொடுத்தார். ஊர்க் கிணறுகளிலும் அதை ஊற்றினார்.

ஆனால் பெரிய விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. அது வைரஸே இல்லை என்றார்கள். 1940 வாக்கில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் பேஜ் கண்ணுக்குத் தெரிந்தது. டெரெல் சொன்னது சரி என்றாகிவிட்டது. நோபல் பரிசுக்குப் பலமுறை இவர் பெயர் போனது. ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1949 பிப்ரவரி 22-ல் பாரீஸில் காலமானார்.

இன்னொரு அதிசயத்தையும் டெரெல் பார்த்தார். தெளிந்த குழாய் சில நாளில் மறுபடி கலங்கும். ஏன்? பாக்டீரியாவின் மேலே பூட்டு மாதிரி ஓர் இடம் உண்டு. பேஜிடம் அதற்கேற்ற சாவி உண்டு. கோடிக்கணக்கான பாக்டீரியாவில் ஒன்றிரண்டுக்குத் தற்செயலாகப் பூட்டு மாறியிருக்கும். மற்றவை செத்தாலும் அவை தப்பிப் பெருகும். பூட்டு மாறுவது பேஜைப் பார்த்த பிறகு அல்ல, அதற்கு முன்பே என்று 1943-ல் லூரியா, டெல்புரூக் இருவரும் காட்டினார்கள். பேஜும் சும்மா இருக்குமா? அது ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் பெருகும்போது சிலவற்றின் சாவியும் மாறிவிடும். அதில் ஏதாவது ஒன்று புதுப் பூட்டைத் திறந்துவிடும்!

தயிர், பாலாடைக்கட்டி செய்ய உதவும் ஒரு பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரி. தாக்க வந்த பேஜின் மரபுப்பொருளில் ஒரு துண்டை வெட்டித் தன்னிடம் அடையாளமாக வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பேஜ் வந்தால் வெட்டிப்போடும். இது 2007-ல் தெரிய வந்தது. அந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பேஜ் மறுபடி உள்ளே புகுந்துவிடும். இந்தப் போட்டிக்கு முடிவே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

போன மாசம் எனக்குத் தொண்டைப் புண் வந்தது. டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார். இரண்டு நாளில் சரியானதும் மீதியை அலமாரியில் போட்டுவிட்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன். பாக்டீரியா மாறும், பேஜும் கூடவே மாறும். ஆனால் மாத்திரை தானாக மாறாதே! அதனால்தான் மாத்திரைக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவற்றுக்காக டாக்டர்கள் மறுபடியும் டெரெலின் பேஜைத் தேடிப் போகிறார்கள்.

தோழிகளே, மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். சும்மா சளிக்கெல்லாம் நாமாகக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். காலேஜ் படிப்பு இல்லாத ஒருவர் ஒரு சின்னப் புள்ளியைப் பார்த்து ஏன் என்று கேட்டார். நாமும் கேட்போம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி